கருப்பம்மாளின் தோள்பட்டை

என் அம்மா கருப்பம்மாளுக்குக் கட்டை விரலை மடக்கி முன்கையோடு ஒட்டவைக்கத் தெரியும். சுண்டு விரலைப் பின்னால் தள்ளினால் அது புறங்கைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். முழங்காலை மடக்காமலே குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் அழுத்திப் பதிப்பாள். கையை நீட்டினால் முழங்கை நேராக நிற்காமல் கீழ்ப்பக்கமாகத் தொய்ந்து வளையும். மலாயாவில் ஜெலாப்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் எங்கள் லயம். அங்கே கல்யாணமோ சடங்கோ நடந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர், "கருப்பம்மா, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டேன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் காட்டுவாள். பிள்ளைகள் கத்தும். பெண்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். எனக்கும் வளையும், ஆனால் அவள் அளவுக்கு இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பொறாமைதான்.

வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்து போன பிறகு அவள் எப்படி எழுந்தாள் என்று மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கையை ஊன்றுவாள். அந்த மணிக்கட்டு ஏதாவது சொல்கிறதா என்று பொறுத்துப் பார்ப்பாள். பிறகு முட்டி. பிறகு இடுப்பு. சண்டைக்கார மாமியார் வீட்டில் புது மருமகள் நடமாடுவதைப் போல, தன் உடம்புக்குள்ளேயே அவள் பார்த்துப் பார்த்துத்தான் நடமாட வேண்டியிருந்தது.

வலி அவளுக்கு எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. சின்ன வயதில் முசிறிப் பக்கத்து வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தால் ராத்திரியெல்லாம் கால் குடைச்சல். "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான்" என்றார்களாம். வளர்ந்த பிறகு, கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்களாம். கல்யாணம் ஆனதும், பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார்களாம். நான் பிறந்தேன். சரியாகவில்லை. இடுப்பு முன்னைவிட மோசமானது. அதற்கு நீ பொறுப்பில்லை என்று என்னிடம் அவள் அடிக்கடி சொல்லுவாள், ஆனால் சொல்லும்போது சிரிப்பாள்.

பல காலம் கழித்து ஈப்போவில் ஒரு டாக்டர் என் விரல்களைப் பின்னால் வளைத்துப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கினார். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் நார் எங்கள் வகையறாவுக்குப் பிறவியிலேயே தளர்வாம். மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காமல் அலைந்துகொண்டே இருக்குமாம். அதைப் பிடித்து நிறுத்த சதைகள் ஓயாமல் மாரடிக்குமாம். அதனால்தான் வலி, அதனால்தான் அசதி, அதனால்தான் லேசாக இடித்தாலும் தோல் கன்றி நீலம் பாரிக்கிறது, ஆறிய காயம் வெங்காயச் சருகு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. இதெல்லாம் தாய் வழியாகவும் வரும் என்றார். "தெரியும் டாக்டர், எனக்கு யார் வழியாக வந்ததுன்னு நல்லாவே தெரியும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் பெருமையாகச் சொன்னேன் என்பதை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அம்மா மலாயாவுக்கு வந்தது முதல் யுத்தம் முடிந்த மறு வருஷம். கங்காணி உடையப்பன் ஊருக்கு வந்து தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தபோது, என் அப்பா பிச்சைமுத்துவும் அம்மாவும் இடுப்பில் என்னோடு கப்பல் ஏறினார்கள். அடுத்த அடைமழைக்குள் அப்பாவைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, முகமே நினைவில்லை. அம்மா அழுது முடித்துவிட்டு, அவர் வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அது அவள் கைக்குப் பெரிய கத்தி. பிடியைச் சீவிச் சிறிசாக்கிக்கொண்டாள்.

வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பேர் படிப்பார், ஆள் குரல் கொடுக்க வேண்டும். பிறகு அவரவருக்குக் கொடுத்த மர வரிசைக்கு, நெரை என்போம், அங்கே போய் மரம் மரமாகப் பட்டையைச் சீவிவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் சீவினால்தான் பால் ஒழுங்காக இறங்கும். பிறகு மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரண்டு நுனியிலும் வாளியை மாட்டி, கம்பைத் தோளில் வைத்து ஸ்டோருக்குச் சுமந்து போக வேண்டும். அந்தக் காலத்தில் வெட்டு மரத்தின் அடிவரைக்கும் இறங்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டுவதற்குக் குந்தி உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். பெரிய பெரிய வீரர்களெல்லாம் அங்கேதான் மரத்தைக் காயப்படுத்துவார்கள்.

அம்மாவுக்கு அந்த அடிவெட்டு அல்வா சாப்பிடுவது போல. பாதம் முழுவதும் தரையில் பதிய உட்கார்ந்து, உடம்பை மரத்தைச் சுற்றி வளைத்து, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவாள். ஆனால் காண்டாக் கம்பு அவள் சத்துரு. பாரம் ஏறியதும் தோள் மூட்டு குழியிலிருந்து நழுவும். ஒவ்வொரு நாளும் அல்ல. எந்த நாள் என்பது தெரியாது, அதுதான் கொடுமை.

நழுவிய மூட்டை அவளே போட்டுக்கொள்ளக் கற்றிருந்தாள். மரத்தைக் கட்டிப்பிடித்து, உடம்பை ஒரு பக்கமாகத் திருகி, மூச்சை விட்டால் "டக்"கென்று உள்ளே போய்விடும். பிறகு கொஞ்ச நேரம் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் வலி. பழைய வேட்டியைக் கிழித்து முட்டியிலும் மணிக்கட்டிலும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படுப்பாள்.

கடைசியில் தாங்க முடியாமல் ஒரு நாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுக்கிறவர் டிரசர் இராசையா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை கசங்காமல் நிற்பவர், கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் காய்ச்சலுக்குக் கொயினா இருந்தது, பேதிக்கு உப்பு இருந்தது, புண்ணுக்குப் போட அயோடின் இருந்தது. இந்த மூன்றுக்கும் அடங்காத வியாதி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எங்கை பிள்ளை நோகுது?" என்றார்.

"எல்லா மூட்டுலயும்ங்க ஐயா. தோள்ல, இடுப்புல, முட்டியில, வெரல்ல. ராவுல கண்ணு மூட முடியல."

காய்ச்சல் குழாயை வாயில் வைத்துப் பார்த்தார். சூடில்லை. முட்டியை அமுக்கிப் பார்த்தார். வீக்கமில்லை. "எவ்வளவு தூரம் மடக்க ஏலும் எண்டு காட்டு, பாப்பம்" என்றார்.

என் அம்மா தன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு இதுதான். கேட்டது டிரசராயிற்றே, மரியாதையாக முழுசாகக் காட்டிவிடுவோம் என்று நினைத்துவிட்டாள். கட்டை விரலை முன்கையில் ஒட்டவைத்தாள். சுண்டு விரலை நிமிர்த்தினாள். குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் ஆஸ்பத்திரித் தரையில் பதித்தாள். மருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் நோவை மறந்து கை தட்டினார்கள். கல்யாண வீட்டில் கிடைக்கிற கைதட்டல் அது. அங்கே அது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

"வாதம் வந்தவன் கையை மடக்க ஏலாமல் கத்துவான். நீ கோயில் சிலை மாதிரி வளையுறாய். உனக்கு என்ன நோ?" என்றார் டிரசர். "போ பிள்ளை, போய் வேலையைப் பார்."

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். எது அவள் வியாதியோ, அதையே காட்டி, இவளுக்கு வியாதி இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்! கண்ணுக்கு முன்னால் வீடு பற்றி எரியும்போது, வெளிச்சம் நன்றாக இருக்கிறதே, உனக்கென்ன குறை என்று கேட்கிற மாதிரி.

அன்றிலிருந்து கங்காணி உடையப்பனுக்குக் கொண்டாட்டம். பெரட்டுக் களத்தில் அம்மா பேர் வந்ததும், "கருப்பம்மா, இன்னைக்கு எந்த மூட்டு லா?" என்பான். சிலர் சிரிப்பார்கள். "நடிப்புக்காரி" என்று ஒரு பட்டப்பெயர் வேறு. அம்மா கல்யாண வீடுகளில் கை காட்டுவதை நிறுத்திவிட்டாள். எவ்வளவு கெஞ்சினாலும் காட்டமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் மாரியம்மா கதைக்குள் வருகிறாள். அம்மாவுக்கு அக்கா முறை, சொந்தத்தால் அல்ல, வயதால். அம்மாவின் நெரைக்கு அடுத்த நெரை அவளுடையது. நல்ல உயரம், தேக்குக் கட்டை மாதிரி உடம்பு, ஊரைக் கூட்டுகிற குரல். இரண்டு ஆள் பாரத்தை ஒரு ஆளாகத் தூக்குவாள். ஆனால் அவள் முட்டி மடங்காது. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க மரத்தைக் கூப்பிட வேண்டும். அதனால் அடிவெட்டில் அவள் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தின் சதையைக் கிழித்துவிடும். காயத்தைப் பார்த்துக் கங்காணி கத்துவான், இவள் திருப்பிக் கத்துவாள். காலைப் பொழுதுகளில் எங்கள் பக்கத்துக் குருவிகள் எல்லாம் பறந்து போனதற்கு அதுதான் காரணம் என்று அம்மா சொல்லுவாள்.

ஒரு நாள் ஸ்டோருக்குப் போகிற பாதையில் அம்மாவின் தோள் நழுவிவிட்டது. வாளிகளை இறக்கி வைத்துவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டு திருகிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த மாரியம்மா பார்த்துவிட்டாள்.

"அடி ஆத்தா! மரத்தைப் போய் என்னடி கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கிற?"

"டக்"கென்ற சத்தத்தை அவளும் கேட்டாள். கேட்டதும் அவள் வாய் மூடிக்கொண்டது. அவள் வாய் மூடியது அந்த ஒரு தடவைதான் என்பார்கள். அம்மாவின் வாளிகளையும் தன் கம்பிலேயே மாட்டிக்கொண்டு நடந்தாள். மறுநாள் அம்மா தன் நெரையை முடித்துவிட்டு, அடுத்த நெரைக்குப் போய் மாரியம்மாவின் அடிவெட்டு மரங்களையெல்லாம் வெட்டிக் கொடுத்தாள். பேச்சு இல்லை, ஒப்பந்தம் இல்லை. அப்படியே பழக்கமாகிவிட்டது. வெட்டு எல்லாம் இவள், சுமை எல்லாம் அவள்.

ஆனால் தோட்டத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது. அவரவர் மரம், அவரவர் கத்தி, அவரவர் தோள். பாலில் தண்ணீர் கலக்கிறவர்களும் ஒருவர் பாலை இன்னொருவர் பேரில் சேர்க்கிறவர்களும் இருந்ததால் அதில் மட்டும் தயவே காட்டமாட்டார்கள். பிடிபட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். அதனால் இரண்டு பேரும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார்கள். ஸ்டோர் கண்ணுக்குத் தெரிகிற திருப்பம் வந்ததும் மாரியம்மா அம்மாவின் வாளிகளை இறக்கி அவள் கம்பில் மாட்டிக் கொடுப்பாள். அங்கிருந்து ஸ்டோர் வாசல்வரை மட்டும் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுமப்பாள்.

ஒரு தடவை தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து மரங்களைப் பார்வையிட்டார். தோட்டத்திலேயே சுத்தமான வெட்டு மாரியம்மாவுடையதுதான் என்று பெரட்டில் எல்லார் முன்னாலும் பாராட்டிவிட்டார். மாரியம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் பழக்கம் தொரை" என்றாளாம். பக்கத்தில் நின்ற அம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். உதடு கன்றி நீலமாகிவிட்டது. அந்த நீலத்தோடு அன்றைக்கு முழுவதும் திரிந்தாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

இருபத்தைந்தாம் வருஷம் என்று நினைக்கிறேன். ரப்பர் விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறிய வருஷம். லகாட்டில் இருந்த தன் தங்கையின் பிரசவத்துக்கு மாரியம்மா போயிருந்த நாள். அம்மா தன் பாலைத் தானே சுமந்தாள். வழியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஸ்டோர் வாசலில், சரியாகத் துரை நிற்கிற இடத்தில், தோள் கழன்றது. கம்பு சரிந்தது. இரண்டு வாளிப் பாலும் துரையின் சப்பாத்தில் கொட்டியது.

துரை கத்தத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா ஸ்டோர் தூணைக் கட்டிப்பிடித்து, திருகி, மூச்சை விட்டாள். "டக்." துரை திறந்த வாயை மூடவில்லை. அவர் முகம் கீழே கிடந்த பாலைவிட வெளுத்துவிட்டது. அம்மா முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு, "மன்னிக்கணும் தொரை, கழுவிடறேன்" என்று தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே டிரசரைக் கூப்பிட்டுத் துரை கேட்டார். தோள் கழன்றதைத் துரையே கண்ணால் பார்த்திருக்கிறார், இனி நடிப்பு என்று சொல்ல முடியாது. முந்தின நாள் வரை இவளுக்கு ஒன்றுமில்லை என்றவர், இப்போது இவள் ஒன்றுக்கும் ஆகமாட்டாள் என்றார். உடம்பு உழைப்புக்கு லாயக்கில்லை, ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உழைக்க முடியாத கூலிகளைப் பினாங்கில் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்புகிற வழக்கம் அப்போது இருந்தது. நடுவில் ஒரு இடம் இருக்கிறதே, வலியும் உண்டு வேலையும் உண்டு என்கிற இடம், அங்கே ஒரு மனுஷி நிற்க முடியும் என்பது அந்தப் படித்த மூளைக்கும் எட்டவில்லை, படிக்காத உடையப்பன் மூளைக்கும் எட்டவில்லை.

உடையப்பன்தான் லயத்துக்கு வந்து சொன்னான். அவன் அதை நல்ல செய்தியாகவே நினைத்தான். "கருப்பம்மா, இனிமே சுசா இல்ல லா, ஒரு கஷ்டமும் இல்ல. சும்மாவே கப்பல். மகளையும் கூட்டிக்கிட்டுப் போயி ஊர்ல காலை நீட்டிப் படு. நாளைக்குப் பெரட்டுல தொரையே சொல்லுவாரு."

அம்மா அடுப்பில் வைத்திருந்த சோற்றை இறக்கினாள். வடித்தாள். எனக்குப் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் லகாட்டிலிருந்து திரும்பிய மாரியம்மா, விஷயம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு ராமையா அண்ணனும் வந்து வாசலில் உட்கார்ந்தார். ஆளுக்கொரு யோசனை. ராமையா அண்ணன், "போறதுதான் நல்லது தங்கச்சி, இந்த நோவோட எத்தனை நாளு" என்றார். மாரியம்மா அவரை முறைத்தாள்.

"நாளைக்குத் தொரை கேட்டா நோவே இல்லைன்னு சொல்லிரு. நேத்துக் கால் வழுக்கிருச்சு, அவ்வளவுதான்னு சொல்லு. மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு. சாமி கோவிச்சுக்காது, நான் பொங்கல் வச்சிர்றேன்."

"பொய் சொல்லமாட்டேன்க்கா."

"அப்பக் கப்பல் ஏறு! ஏறிப்போயி உன் கொழுந்தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில சாணி அள்ளு!"

அம்மாவுக்கு அங்கேதான் உடைந்தது. அவள் அழுது நான் பார்த்தது கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. "அங்க நான் யாருக்கா? பிச்சைமுத்து பொண்டாட்டி. இப்ப அதுவும் இல்ல, தாலியறுத்தவ. நல்ல காரியத்துக்கு எதுக்க வரக்கூடாது. இங்க தெனம் காலையில என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க. கேலி பண்ணக் கூப்பிட்டாலும் அது என் பேரு. நான் 'இருக்கேன்'னு சொல்றேன். அங்க போனா என்னை யாரு கூப்பிடுவா?"

அடிவெட்டு விஷயத்தைச் சொன்னால் துரை மனம் மாறலாம் என்று, இவர்கள் வேலையை மாற்றிக்கொள்வது தெரிந்த ராமையா அண்ணன் மெதுவாக எடுத்தார். தோட்டத்திலேயே நல்ல வெட்டு என்று அவர் பாராட்டியது யாருடைய கை என்று தெரிந்தால் விடுவாரா? அம்மா உடனே கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். "அதைச் சொன்னா அக்கா பேரும் போயிரும். அந்தப் பேச்சு இந்த வாசலோட முடிஞ்சிரணும்." மாரியம்மா எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பெரட்டுக் களம். துரை வந்து நின்றார், பக்கத்தில் டிரசர் இராசையா, வெள்ளைக் கால்சட்டை கசங்காமல். தோட்டத்துத் துரைமார் எங்களிடம் பேசுவதற்கென்று ஒரு தமிழ் வைத்திருப்பார்கள். கிழவனானாலும் நீதான், வா போதான். அதில் கோபம் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"கருப்பம்மா. நீ ஒடம்பு நல்லா இல்லே. நீ ஊருக்குப் போ."

அம்மா தலை நிமிர்ந்துதான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாரியம்மா பேர் வந்துவிடும் என்று பயம். நான் மற்றப் பிள்ளைகளோடு ஓரமாக நின்று, அம்மா ஏன் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. "அப்ப என் பேரையும் வெட்டுங்க தொரை!"

மாரியம்மா வரிசையை விட்டு முன்னால் வந்துவிட்டாள். "என் மரத்தை நல்லா வெட்டியிருக்கேன்னு சொன்னீங்களே, அதுல ஒரு மரம்கூட நான் வெட்டல. எல்லாம் இவ கை. இவ பாலை இவ தூக்கல, நான் தூக்குனேன். ரெண்டு பேரும் களவாணிங்கதான். அனுப்புறதா இருந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்க. ஆனா நாளைக்கு அந்த ரெண்டு நெரையையும் யாரு வெட்டுவான்னு கங்காணியைக் கேட்டுச் சொல்லிட்டு அனுப்புங்க."

அம்மா, "அக்கா!" என்று கத்தியது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. துரை உடையப்பன் பக்கம் திரும்பினார். "நீ என்ன பாத்தே?" என்றார். உடையப்பன் பார்த்தது ஒன்றுமில்லை என்பதால் சொல்லவும் ஒன்றுமில்லை. தலையைச் சொறிந்தான்.

துரைக்கு இரக்கம் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் என் அம்மாவுக்கே கோபம் வரும். விலை ஏறிக் கிடந்த வருஷம், ஒவ்வொரு தோட்டமும் அடுத்த தோட்டத்து ஆளை ஆசை காட்டி இழுத்துக்கொண்டிருந்த நேரம். நன்றாக வெட்டுகிற ஒரு கையையும் நன்றாகச் சுமக்கிற ஒரு தோளையும் சேர்த்துத் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பிரம்பால் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "சரி. ரெண்டு பேரும் ஒண்ணா செய்" என்றார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் டிரசர் இராசையா துரையின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். உழைக்க லாயக்கில்லை என்று எழுதியது அவர் கை. நாளைக்கு இவள் வேலையில் விழுந்தால் கேள்வி அவரிடம்தானே வரும். துரை தலையசைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"கருப்பம்மா. நோவு இல்லேன்னு சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்லு. சொல்லிட்டு வேலைக்குப் போ. இல்லேன்னா ஊருக்குப் போ."

அவ்வளவுதான் கேட்டார். ஒரே ஒரு சொல். டிரசரும் அதே சொல்லைத்தான் அன்றைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், உடையப்பனும் தினம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் சொன்னதை இவளும் ஒரு தடவை சொல்லிவிட்டால் தீர்ந்தது. மாரியம்மா துரைக்குத் தெரியாமல், "இல்லேன்னு சொல்லுடி, இல்லேன்னு சொல்லுடி" என்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அதையே மனசுக்குள் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மா மாரியம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துரையை நேராகப் பார்த்தாள்.

"நோவு இருக்கு தொரை" என்றாள். "நேத்தும் இருந்துச்சு. நாளைக்கும் இருக்கும். நீங்க நல்லாருக்குன்னு சொன்ன வெட்டையெல்லாம் இந்த நோவோடதான் வெட்டுனேன். இல்லேன்னு சொன்னா அதை வெட்டுனது நான் இல்லேன்னு ஆயிரும். நான்தான் வெட்டுனேன். இன்னைக்கும் வெட்டுவேன்."

துரை அம்மாவின் கைகளை வெகு நேரம் பார்த்தார், வேட்டித் துணி சுற்றிய மணிக்கட்டையும், துணிக்கு மேலே தெரிந்த பழைய நீலத்தையும். அவருக்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கிராணி பக்கம் திரும்பி, "அடுத்த பேரு படி" என்றார்.

கிராணி அடுத்த பேரைப் படித்தார். அம்மா கீழே வைத்திருந்த கத்தியை எடுத்தாள். அசையாமல் நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மாரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாக்கா," என்றாள். "வெயில் ஏறிருச்சுன்னா பால் நின்னுரும்."